சர்வீஸுக்குப் பின் உறைந்துபோகும் லேப்டாப்: ஃபார்மட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகப் பயன்படுத்தும் என் லேப்டாப்பில் ஃபேன் சத்தம் அதிகமாக இருந்ததால், கடலூரில் ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். ஃபேனைச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, கூடுதலாக 8 ஜிபி ரேமும் போட்டுத் தந்தார்கள். வேகம் கூடியிருக்கிறது. ஆனால் வேலையின் நடுவே அப்படியே உறைந்துவிடுகிறது. சில நேரம் நீலத்திரை வருகிறது. ஒருமுறை தானாகவே அணைந்துவிட்டது. "விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும், ஃபார்மட் பண்ணிடலாம்" என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? (ஒரு வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கடைக்குப் போகும் முன் உங்கள் லேப்டாப்பில் சத்தம் ஒன்றுதான் குறையாக இருந்தது. உள்ளே திறந்தபோது ஹீட் சிங்க் (ப்ராசஸரின் வெப்பத்தை உறிஞ்சி வெளியேற்றும் உலோகப் பகுதி), ஃபேன், டிஸ்க், ரேம் ஆகிய நான்கிலும் கை பட்டிருக்கிறது. ஆகவே பழுதை முதலில் அந்த நான்கில்தான் தேட வேண்டும். மேலும், ரேம் பழுதாக இருந்தால், புதிதாக நிறுவும் விண்டோஸின் கோப்புகளும் அதே ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். நிறுவும்போதே சில கோப்புகள் சிதைந்துபோய், நான்கு நாள் நன்றாக ஓடிவிட்டு, பழைய தொல்லை மீண்டும் தலைகாட்டும்.

எந்தச் சோதனைக்கும் முன்பாக முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும் கணினியாக இருந்தால், பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளைத் தொடும் முன்னரே அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

குற்றவாளி விண்டோஸ்தானா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளங்களான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, வழக்கமாக உறையும் நேரத்தைவிடக் கூடுதலான நேரம் வீடியோ பார்ப்பது, பல பக்கங்களைத் திறந்து வைப்பது என்று வேலை கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் உறைந்தால் விண்டோஸை ஃபார்மட் செய்வதால் பயனில்லை, கோளாறு வன்பொருளில்தான் என்று கடைக்காரரிடம் உறுதியாகச் சொல்லலாம். உறையவில்லை என்றால் சந்தேகம் எஸ்எஸ்டி, டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்), விண்டோஸ் ஆகியவற்றின் பக்கம் திரும்பும். ஆனாலும் ரேமை அதற்குள் விடுவித்துவிட வேண்டாம்.

உறையும் விதத்தையும் கவனியுங்கள். உறைந்தவுடன் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறாமல், ஒலியும் ஒரே இடத்தில் இரைந்துகொண்டிருந்தால் கணினி அடியோடு நின்றுவிட்டது என்று பொருள். ரேம், மதர்போர்டு அல்லது ஏதேனும் ஒரு டிரைவர் காரணமாக இருக்கலாம். மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைத் திறந்தாலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது என்றால், எஸ்எஸ்டியையும் அதன் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் ரேம் மீதுதான். பழையதும் புதியதும் வேகத்தில் வேறுபட்டிருப்பது மட்டும் பொதுவாகக் குற்றமில்லை. இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும். சரியாக உட்காராத ரேம், பழுதான ரேம், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இணை என்ற மூன்றில் ஒன்றுதான் தொல்லை தரும். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் முதல் வடிகட்டலுக்குப் போதும். ஆனால் இரவு முழுவதும் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓடவிடுவதே நம்பகமானது. இதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். அதே சமயம், பிழை வராததை முழு நற்சான்றாகக் கொள்ளவும் கூடாது. ஆகவே, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு புதிய ரேமை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்து இரண்டொரு நாள் ஓட்டுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் வையுங்கள். அதன் பிறகு பழையதை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வையுங்கள். கோளாறு ரேமுடன் நகர்கிறதா, ஸ்லாட்டிலேயே தங்குகிறதா, இரண்டும் சேரும்போது மட்டும் வருகிறதா என்பது இதில் தெளிவாகிவிடும். திறக்கத் தயக்கமாக இருந்தால் கடையில் உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தையும் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று ஸ்லாட்டின் தொடுமுனைகளில் மெல்லப் படியும். ஐந்து ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த ஸ்லாட்டில் புதிய ரேமைச் செருகினால் தொடர்பு சரியாகக் கிடைக்காமல் போக வாய்ப்புண்டு. சில கடைகளில் ரேமின் தங்க முனைகளை அழிரப்பரால் தேய்ப்பார்கள். அது ஸ்லாட்டுக்குள் இருக்கும் படிவைத் தொடாது, துகளையும் விட்டுவைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பொருத்துவதே நல்லது.

எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, அது பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருத்தப்பட்டிருந்தால், அதன் மெல்லிய பட்டை கேபிள் மடிந்தோ தளர்ந்தோ இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சிஆர்சி எரர் கவுண்ட் (தரவு கடத்தும்போது நேர்ந்த பிழைகள்) எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் கேபிளைச் சந்தேகியுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தார்களா (முழுவதும் நகலெடுத்தார்களா), புதிதாக நிறுவினார்களா என்றும் கேளுங்கள். பழைய டிஸ்க் ஏற்கெனவே நலிந்திருந்தால் அதிலிருந்த சிதைந்த கோப்புகளும் சேர்ந்தே வந்திருக்கும். ரேம் தேறிய பிறகு, இந்த ஒரு நிலையில் ஃபார்மட் செய்வது நியாயமான தீர்வு.

தானாக அணைந்தது வேறு கதையாகவும் இருக்கலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருள் ஒன்றில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே கணினிக்குக் கனமான வேலை கொடுங்கள். சில நொடிகளிலேயே 50 டிகிரியிலிருந்து 95-ஐத் தாண்டி, வேலையை நிறுத்தியவுடன் அதே வேகத்தில் இறங்கினால், ஹீட் சிங்க் ப்ராசஸர் மீது சரியாக அமரவில்லை: பேஸ்ட் சரியில்லை அல்லது ஹீட் சிங்க் ஸ்க்ரூக்கள் சமமாக முடுக்கப்படவில்லை. கால் மணி நேரத்தில் மெதுவாக ஏறினால் ஃபேனையும் காற்று வெளியேறும் வழியையும் பார்க்க வேண்டும். ப்ராசஸர் குளிர்ச்சியாக இருந்தும் அணைகிறது என்றால், சர்வீஸின்போது தெர்மல் பேட் (மற்ற சிப்களின் வெப்பத்தை ஹீட் சிங்குக்குக் கடத்தும் மென்திண்டு) ஏதேனும் விடுபட்டதா என்று கேளுங்கள்.

லேப்டாப்பின் ஓரத்தைத் தூக்கும்போதோ கை வைக்கும் பகுதியை அழுத்தும்போதோ நின்றுபோனால், இணைப்பு ஏதோ தளர்ந்திருக்கிறது, அல்லது நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான ஸ்க்ரூவின் துளையில் முடுக்கியிருக்கிறார்கள். மேற்பரப்பில் சிறு புடைப்பு தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஸ்க்ரூ முனை மதர்போர்டில் படுவது ஆபத்து.

விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பார்த்துப் பதற வேண்டாம். கணினி முறையாக மூடப்படவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்லாது. அதற்குச் சற்று முன் பதிவான பிழைகளே பயன்படும். நீலத்திரை வரும்போது அதிலுள்ள பெயரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறைந்த நேரம், அப்போது செய்த வேலை, சார்ஜரில் இருந்ததா என்பனவற்றைக் குறித்த தாளுடனும் பில்லுடனும் கடைக்குப் போங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள், உங்கள் தரவும் அதில் இருக்கிறது. கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ரேம், எஸ்எஸ்டி, வெப்பம் மூன்றும் தேறிய பிறகும் உறைந்தால் மிஞ்சுவது மதர்போர்டு. அதைச் சிப் லெவல் வேலை (மதர்போர்டில் உள்ள சிறு பாகங்களைப் பழுதுபார்ப்பது) தெரிந்த வேறொருவரிடம், செலவை எழுத்தில் வாங்கிய பிறகே திறக்கக் கொடுங்கள்.