கணவன் மனைவி இருவருக்கும் மெட்டபாலிக் சிண்ட்ரோம். மனைவிக்கு மட்டும் ரத்தக்குழாய் விறைப்பு ஏன் அதிகம்?

உங்களுக்கு 54 வயது, கணவருக்கு 58. இருவருக்கும் மெட்டபாலிக் சிண்ட்ரோம். அதாவது வயிற்றுக் கொழுப்பு, பிரஷர், சுகர், ரத்தக் கொழுப்புக் கோளாறு எல்லாம் கூட்டாகச் சேரும் நிலை. கோயம்புத்தூரில் ரத்தக்குழாய் விறைப்புக்கு டெஸ்ட் எடுத்ததில் விறைப்பு உங்களுக்குத்தான் கூடுதல். "கள்ளுக்குடி அவருக்கு, விறைப்பு எனக்கா? மெஷின் தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெஷின் சரியாகவே இருக்கலாம். நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு குடும்பாரோக்கிய கேந்திரத்தில் (அரசு குடும்ப சுகாதார நிலையம்) நர்ஸ். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். எங்களிடம் அந்த மெஷின் கிடையாது. ஆனால் சாதாரண பிரஷர் கருவியிலேயே இதன் சாயல் தெரிந்துவிடும்.

சுகர், பிரஷர் பார்க்கும் நாளில் தென்னந்தோப்பு வேலை செய்யும் ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு 146/92. அந்த அம்மா, "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், அவருக்கு மாத்திரை குடுங்க" என்று எழுந்துவிட்டார். உட்கார வைத்து, கொஞ்சம் ஆசுவாசப்படுத்திப் பார்த்தால் 158/72. கீழ் எண் குறைவாக இருக்கிறதே என்று அவருக்கு நிம்மதி. எனக்கோ அதுதான் கவலை. இரண்டு எண்ணுக்கும் இடைவெளி கணவருக்கு 54, இவருக்கு 86. இந்த இடைவெளி அறுபதைத் தாண்டினாலே பெரிய ரத்தக்குழாய் விறைத்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

காரணம் இதுதான். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது நல்ல மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) விரிந்து கொடுக்கும். இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் பழைய அளவுக்குச் சுருங்கி, மிச்ச ரத்தத்தை முன்னே தள்ளும். விறைத்துப்போனது விரியாது, மேல் எண் ஏறும். திரும்பத் தள்ளவும் தெம்பு இருக்காது, கீழ் எண் இறங்கும். இதயத் தசைக்கே பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் ரத்தம் கிடைக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, பெண்களுக்கு ஏன்? மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாயை இளக்கமாக வைத்திருக்கும். அந்த வயதில் ஆண்களுக்குத்தான் விறைப்பு கூடுதல். நின்ற பிறகு அந்தக் காவல் போய்விடும். கொழுப்பும் வயிற்றில் சேர ஆரம்பிக்கும். கூடவே ரத்தத்தில் சர்க்கரை ஏறினால், அது குழாய்ச் சுவரின் புரதங்களில் ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். மெட்டபாலிக் சிண்ட்ரோமால் விறைப்பு கூடும் அளவு ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை, வயதும் அளக்கும் முறையும் முடிவை மாற்றும். உயரமும் கணக்கில் வரும். உடல் குட்டையாக இருந்தால், கீழே போய்த் திரும்பும் ரத்த அலை, இதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வந்து மோதும். இதயத்துக்கு வேலை கூடும்.

இடுப்புச் சுற்றளவின் வரம்பும் நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. புடவைக் கொசுவத்துக்கு மேல் டேப்பைச் சுற்றினால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. துணியை விலக்கி, தோல் மேலேயே டேப்பை வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் எந்த முறையில் அளந்தார்கள் என்றும் பாருங்கள். குழாய் விறைத்தால் ரத்த அலை வேகமாக ஓடும், அந்த வேகத்தைத்தான் அளப்பார்கள். கழுத்திலும் தொடையிலும் அளந்திருந்தால் வேகம் நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் போவது கவனிக்க வேண்டியது. கையிலும் கணுக்காலிலும் பட்டை சுற்றி அளந்திருந்தால் எண் இயல்பாகவே கூடி வரும். அதை இந்தப் பத்தோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

மாத்திரையைக் கணவரோடு பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் இது சர்வசாதாரணம், பார்க்கும்போதெல்லாம் மனசு பதறும். தினம் வியர்க்க நடங்கள். ஊறுகாய், வத்தல், பப்படத்தைக் குறையுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, அவர் கேட்காவிட்டாலும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: மாதவிடாய் எந்த வயதில் நின்றது, கர்ப்பகாலத்தில் பிரஷரோ சுகரோ இருந்ததா, கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்திருந்தால் முட்டைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா. 45 வயதுக்கு முன்பே நின்றிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.