மீன் வாளிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது முதலையா?

கேள்வி: கனாலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறோம். போன கிழமை மீன் கழுவிய தண்ணீரை ஊற்றப் பின்பக்கம் போனால், வாளியடியில் ஆறடி நீளத்தில் ஒன்று படுத்திருக்கிறது! நான் முதலை என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அங்கிள் அது கபரகொய்யா, பேசாமல் விடுங்கோ என்கிறார். மாமியோ அது வீட்டுக்கு வந்தால் தரித்திரம், அடித்துக் கொல்லவேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அங்கிள்தான் சரி, கபரகொய்யா என்பது தண்ணீர் உடும்பு. பிளந்த நாக்கை அடிக்கடி வெளியே நீட்டி நீட்டி இழுத்திருக்குமே, கவனித்தீர்களா? முதலையின் நாக்கு கீழ்வாயோடு ஒட்டியிருக்கும், அதனால் அப்படி நீட்டவே முடியாது, கழுத்து என்று ஒன்று இருப்பதும் வெளியே தெரியாது, ஆனால் கபரகொய்யாவுக்கு நல்ல நீளக் கழுத்து. ஆறடி என்றதையும் நம்புகிறேன். கண்டியில் அளந்த ஒன்று 3.21 மீற்றர் இருந்திருக்கிறது.

சும்மா விட்டால் அது தன் பாட்டில் போய்விடும். மூலையில் மடக்கினால்தான் வில்லங்கம்: கடிக்கும், நகத்தால் கிழிக்கும், வாலால் விளாசும். 1660இல் பிடிபட்டு 19 வருடம் கண்டி இராச்சியத்தில் கிடந்த ரொபர்ட் நொக்ஸ்கூட இதைப் பற்றி எழுதியிருக்கிறார், கிட்டப் போய்க் குரைக்கிற நாய்களைச் சவுக்குமாதிரி வாலால் வெளுக்கும், அவை ஊளையிட்டுக்கொண்டு ஓடும் என்று. எனவே வீட்டில் நாய் இருந்தால் முதலில் அதைப் பிடித்துக் கட்டுங்கள். கடி பட்டால் சோப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு டொக்டரிடம் போங்கள், புண் சீழ்ப்பிடிக்கும்.

மாமியிடம் சொல்லுங்கள், அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி, அடித்தால் வழக்குத்தான் வரும். எலியும் பாம்பு முட்டையும் தின்கிற ஒன்றைத் தரித்திரம் என்பது எனக்குப் புரியவே இல்லை. அப்புறம், அது வந்தது உங்கள் மீன் தண்ணீருக்குத்தான். வாளியை மூடி வையுங்கள்.

கேள்வி: பூச்சட்டிக்கு அடியில் ஒரு சாண் நீளத்தில் மண்நிறப் பாம்பு. சாரைக்குட்டி என்று மகன் ஈர்க்கால் தள்ளி ஜாம் போத்தலில் போட்டுவிட்டான். விஷம் இருக்குமா?
தந்தை, மஹரகம

பதில்: ஐயோ. தலை முக்கோணமாக, மூக்கு நுனி கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு இருந்ததா? அப்படியென்றால் அது குட்டியே இல்லை, வளர்ந்த குழிவிரியனாக இருக்கலாம். சிங்களத்தில் பொலன் தெலிஸ்ஸா என்பார்கள். காய்ந்த இலைக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் தோட்டம் கூட்டுகிறவர்களின் விரலில் கடிக்கிறது. இலங்கையில் விஷப்பாம்புக் கடிகளில் அதிகம் இதனுடையதுதான். பெரும்பாலும் வீக்கத்தோடும் வலியோடும் போய்விடும், சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். நம் ஆஸ்பத்திரிகளில் வழமையாகப் போடும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான், இதற்குக் கேட்காது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் அவர்கள்தான் பார்க்கவேண்டும்.

கடித்தால் மோதிரம், காப்பைக் கழற்றுங்கள், கடித்த இடத்தை ஆட்டாமல் வைத்து 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். போத்தலைத் திறக்காமல் 1992க்குச் சொல்லுங்கள், அது வனவிலங்குத் திணைக்கள இலக்கம். மகனுக்கு ஏச்சு வேண்டாம், ஒரு சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: கடலுக்குள் முதலை வரும் என்கிறார்களே, கதைதானே?
மாணவன், தெஹிவளை

பதில்: கதை இல்லை தம்பி. உப்புத்தண்ணி முதலைக்குக் கடலும் ஒன்றுதான், கனாலும் ஒன்றுதான். 2022 ஜனவரியில் உங்கள் தெஹிவளைக் கடலிலேயே சுழியோடி ஒருவர் முதலை தாக்கி இறந்தார். கனால் கடலில் விழும் இடத்தில் குளிக்காதீர்கள். தூரத்தில் எதையாவது கண்டால் நாக்கை நீட்டுகிறதா என்று பார்க்கக் கிட்டப் போகவும் வேண்டாம்.