சிக்னல் இருந்தும் மாலையில் வீடியோ கால் அறுந்தால்

கிராமத்துக்குக் குடிவந்த பிறகு மாலையில் வீடியோ கால் அறுகிறதே என்று நகரத்துக்குத் திரும்பும் முடிவை இப்போதைக்கு எடுக்காதீர்கள். மூன்று கோடு சிக்னல் காட்டியும் மாலையில் மட்டும் கால் அறுகிறது என்றால், குறை பெரும்பாலும் சிக்னலில் இல்லை, டவர் நெரிசலில். கிராமப்புறத்தில் ஒரே டவரைப் பல ஊர்கள் பகிர்கின்றன. இருட்டியதும் எல்லோரும் வீடியோ பார்க்க உட்கார்கிறார்கள்.

மூன்று நாள், ஒரே இடத்தில் வைத்து, காலை 5 மணிக்கும் இரவு 8 மணிக்கும் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பதிவேற்ற வேகத்தையும் விடாதீர்கள் (பலரும் பதிவிறக்கத்தை மட்டுமே பார்ப்பார்கள்). பதிவேற்றம், பதிவிறக்கம் இரண்டிலும் 3 எம்பிபிஎஸ் (நொடிக்கு 3 மெகாபிட்) நிலையாக வந்தால் வீடியோ காலுக்குப் போதும்.

காலையில் நன்றாக வந்து இரவில் படுத்துவிட்டால் நெரிசலேதான். வேறு நிறுவன சிம் போட்டுப் பாருங்கள். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டருக்குக் காசு கொட்ட வேண்டாம்.

இரண்டு வேளையும் மோசமென்றால் போனில் ஆர்எஸ்ஆர்பி அளவைப் பாருங்கள் (டவரிலிருந்து வரும் சிக்னலின் வலிமையை dBm-இல் காட்டும் எண்; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது). வீட்டுக்குள் -115, மொட்டைமாடியில் -100 என்று இருந்தால் தடுப்பது சுவர்தான். வெளி ஆன்டெனா பொருத்தும் 4ஜி ரவுட்டர் உதவும். கேபிளை 5 மீட்டருக்குள் வையுங்கள். நீண்டால் கிடைத்த சிக்னலைக் கேபிளே தின்றுவிடும்.

கரண்ட் இல்லாத நேரத்தில் அளந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேட்டரியில் ஓடும்போது சில டவர்கள் சில அலைவரிசைகளை அணைத்துவிடும்.