செம்புத் தகட்டில் லேசர் வெல்டிங்: துளி தெறிப்பது ஏன்?

வணக்கம். 1070 நானோமீட்டர் அலைநீள ஃபைபர் லேசரில் (ஒளியிழை வழியே அகச்சிவப்புக் கதிரைத் தரும் லேசர்) 0.3 மி.மீ. செம்புத் தகடுகளை இணைக்கும்போது ஓரிடத்தில் ஒட்டவே இல்லை, அடுத்த இடத்தில் ஓட்டை விழுந்து துளி தெறிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மெஷினில் பழுது இருக்காது என்றே நினைக்கிறேன். செம்பின் குணமே அதுதான்.

அறை வெப்பநிலையில் செம்பு அந்த அகச்சிவப்பு ஒளியில் சுமார் 5 சதவீதத்தைத்தான் உறிஞ்சும்; மீதி கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பிவிடும். அதனால் பவரை ஏற்றுகிறீர்கள். ஆனால் உருகத் தொடங்கியதும் உறிஞ்சுதல் சட்டென்று எகிறும். ஏற்றிவைத்த பவர் மொத்தமாக உள்ளே இறங்க, உலோகம் கொதித்துத் தெறிக்கிறது.

பவரை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதை விடுங்கள். கதிரைச் சிறு புள்ளியாகக் குவித்து, சின்னச் சின்ன வட்டமாக ஆட்டியபடி வேகமாக நகர்த்துங்கள். கதிர் வெளிவரும் ஹெட்டைச் சில டிகிரி சாய்த்து வையுங்கள், இது முக்கியம். நேரே திரும்பும் ஒளி ஃபைபருக்குள் புகுந்தால் லேசரே கெட்டுவிடும்.

இந்த வேலை தினமும் உண்டு என்றால் 450 நானோமீட்டர் நீல லேசரைப் பாருங்கள். அந்த ஒளியில் பாதிக்கும் மேல் செம்பு உறிஞ்சிவிடும், வெல்டிங் அமைதியாகப் போகும். அப்புறம், கண்ணில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியையும் கட்டாயம் மாற்றுங்கள். அகச்சிவப்புக்கு வாங்கியது நீல ஒளியைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.