உக்ரைனில் கைவிட்டுப்போன விளைநிலத்தை அளப்பது எப்படி?

போரில் கைமாறிய விளைநிலத்தைச் செயற்கைக்கோள் படங்களையும் வரைபட மென்பொருளையும் கொண்டு கணக்கிடுவது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி (புவியியல் மாணவி): உக்ரைனின் விளைநிலத்தில் ஏறத்தாழ 22 சதவீதம் ரஷ்யாவின் பிடியில் இருப்பதாக 2022இல் நாசாவின் வேளாண் திட்டமான நாசா ஹார்வெஸ்ட் கணக்கிட்டது. இத்தகைய கணக்கை நாமும் போட்டுப் பார்க்க இயலுமா?

பதில்: இயலும். அடிப்படையில் அது இரண்டு லேயர்களை (வரைபட அடுக்குகளை) ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டும் சேரும் இடத்தை வெட்டியெடுப்பதுதான். போருக்கு முன் எவையெல்லாம் விளைநிலமாக இருந்தன என்பது முதல் லேயர். ஐரோப்பிய விண்வெளி முகமை வெளியிட்ட 2021ஆம் ஆண்டின் நிலப்பயன்பாட்டு வரைபடமான வேர்ல்டுகவர் இதற்குப் போதும், அது இலவசமாகவே கிடைக்கிறது. குறிப்பிட்ட நாளில் எந்தப் பகுதி யார் வசம் இருந்தது என்பது இரண்டாவது லேயர். இது நாளுக்கு நாள் நகரும் கோடு என்பதால், தேதி குறிப்பிடாத எந்தச் சதவீதத்தையும் நான் ஏற்பதில்லை. 2022 கோடையில் எடுத்த கணக்கு, அதே ஆண்டு நவம்பரில் தென் உக்ரைனின் கெர்சன் நகரம் மீட்கப்பட்ட பிறகு செல்லாது.

கேள்வி (நில அளவையாளர்): கியூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருளில் ஒரே வயலுக்கு இரண்டு பரப்பளவுகள் வருகின்றன. எதை நம்புவது?

பதில்: பின்னணியில் இணைய வரைபடத்தைப் போட்டு அதன்மேலேயே வரைந்திருப்பீர்கள். அந்த வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் முறை, நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பை ஊதிப் பெருக்கும். கெர்சன் 46.6 பாகை வடக்கில் இருப்பதால் அங்கே பெருக்கம் சுமார் 2.1 மடங்கு. பயிற்சிக்காக நான் வரைந்த 60 ஹெக்டேர் கோதுமை வயல் ஒன்று, தள அளவில் (பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளாமல் அளந்தபோது) 127 ஹெக்டேர் என்று வந்து நின்றது. லேயரை, அப்பகுதியில் பரப்பை அதிகம் சிதைக்காத வரைபட முறையான யூடிஎம் (UTM) 36 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிட்டு அளந்தால் சரியான அளவு கிடைக்கும். நம் ஊரில் இந்தப் பிழை சில சதவீதத்தோடு முடிந்துவிடுவதால் பலர் கவனிப்பதே இல்லை.

கேள்வி (வேளாண் பட்டதாரி): கைமாறிய நிலம் முழுவதையும் இழப்பு என்று சொல்லலாமா?

பதில்: இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆக்கிரமிப்பில் இருந்தும் உழுது விதைத்து அறுக்கப்படும் நிலம் உண்டு; அங்கே உக்ரைன் இழந்தது விளைச்சலை, விளைந்தது வேறு கைக்குப் போகிறது. போர்முனையை ஒட்டி, யார் வசம் இருந்தாலும் யாரும் இறங்க முடியாத நிலம் உண்டு. இவ்விரண்டையும் ஒரே எண்ணில் சேர்ப்பது தவறு.

பிரித்தறிய, ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களின் சிவப்பு, அண்மை அகச்சிவப்பு அலைவரிசைகளிலிருந்து பசுமைக் குறியீட்டை (செடி எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று காட்டும் எண்ணை) கணக்கிட்டு, அதை ஆண்டு முழுவதும் தொடர்ந்து பாருங்கள். இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை ஏப்ரலில் எழும்பி, மே மாதத்தில் உச்சம் தொட்டு, ஜூலை அறுவடையில் சடாரென விழும். களை மண்டிய தரிசும் பச்சையாகத்தான் தெரியும். ஆனால் அதன் வளைவு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், உழவால் மண் வெளிப்படும்போது வளைவில் விழும் பள்ளம் அதில் இராது. ஒரே ஒரு மே மாதப் படத்தைப் பார்த்துவிட்டுப் பயிர் இருக்கிறது என்று எழுதுபவர்கள் களையைக் கோதுமையாக எண்ணுகிறார்கள். கண்ணிவெடியோ 10 மீட்டர் பிக்சலில் (படத்தின் மிகச் சிறிய கட்டத்தில்) தெரியவே தெரியாது.

கேள்வி: தென் உக்ரைனில் டினிப்ரோ ஆற்றின் ககோவ்கா அணை உடைந்ததால் ஏற்பட்ட இழப்பும் இதில் வருமா?

பதில்: தனிக் கணக்காக வர வேண்டும். 2023 ஜூன் 6 அன்று அணை தகர்ந்து நீர்த்தேக்கம் வடிந்ததும், அதை நம்பியிருந்த வாய்க்கால்கள் வறண்டன. அவ்வாய்க்கால்களின் ஆயக்கட்டு எல்லையை வரைந்து, 2021 கோடையையும் 2023 கோடையையும் ஒப்பிட்டால் பாசனம் போன வயல்கள் தெரியும். அந்த வயல்களில் ஒரு பகுதி 2022இலேயே தரிசாகியிருந்தது என்பதால், 2022 படத்தையும் இடையில் வையுங்கள். இல்லாவிட்டால் போரால் வந்த இழப்பும் அணையின் கணக்கில் ஏறிவிடும்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): வலிகாமம் வடக்கில் 1990க்குப் பிறகு இலங்கை ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன தோட்டக் காணிகளுக்கும் இம்முறை பொருந்துமா?

பதில்: முறை பொருந்தும், அளவு பொருந்தாது. ஒரு பரப்புக் காணி சுமார் 253 சதுர மீட்டர். சென்டினலில் அது இரண்டரைப் பிக்சல். 1980களின் நிலையைக் காட்டும் அமெரிக்காவின் லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் படத்திலோ ஒரு பிக்சலுக்குள்ளேயே மூன்றரைப் பரப்பு அடங்கிவிடும். கிராம அளவில் தோட்டம் பற்றையானதை (புதர்க்காடானதை) காட்டலாம். தனி ஒருவரின் காணிக்கு நில அளவை வரைபடமும் காணி உறுதியும் (உரிமைப் பத்திரமும்)தான் வேண்டும்.

கேள்வி: மேகம் மறைத்தால்?

பதில்: மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படம்.

கேள்வி (வழக்கறிஞர்): இழப்பீடு கோரும்போது இந்தக் கணக்கு நிற்குமா?

பதில்: உக்ரைனுக்கான சேதப் பதிவேட்டை ஐரோப்பிய மன்றம் 2023 மே மாதத்தில் ஏற்படுத்தியது, அது ஹேக் நகரில் இயங்குகிறது. நிலம் எப்போது விதைக்கப்படாமல் போனது என்பதைப் படம் சொல்லும், அது யாருடையது என்பதைச் சொல்லாது. ஆகவே உரிமை ஆவணத்துடன், பயன்படுத்திய ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரையும், எடுத்த தேதியையும், எந்த நாளின் கட்டுப்பாட்டுக் கோட்டை வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து வையுங்கள். முடிந்த வரைபடத்தை மட்டும் கொடுத்தால், எதிர்த்தரப்பு முதலில் கேட்பது மூலக் கோப்பைத்தான்.