திரையில் தெரியும் புள்ளியை நம்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கேமராவில் ஆட்களைப் பின்தொடரும் மென்பொருள் எழுதுகிறோம். சோதனையில், பின்தொடர்வது எவ்வளவு சரி என்று அளக்கும் ‘மோட்டா’ (MOTA) மதிப்பெண் 99-ஐத் தாண்டிவிட்டது. பயன்படுத்துகிறவர்களோ, “யார் எங்கே போனார் என்றே புரியவில்லை” என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: அவர்கள் சொல்வதுதான். 2008-ல் வந்த மோட்டா மூன்று தவறுகளை எண்ணுகிறது: இருக்கும் ஆளைத் தவறவிட்டது, இல்லாத ஆளைக் காட்டியது, ஒருவருக்கு மென்பொருள் கொடுத்த அடையாள எண் மாறிப்போனது. எண் மாறினால், மாறிய அந்த ஒரு கணம் மட்டும்தான் தவறு. அதற்குப் பிறகு கடைசிவரை தப்பான எண்ணிலேயே ஓடினாலும் மதிப்பெண் குறையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஆள், 1000 ஃபிரேம். எல்லாவற்றிலும் மென்பொருள் அவரைச் சரியாகப் பிடிக்கிறது. 501-வது ஃபிரேமில் 7 என்ற எண் 12 ஆகிவிடுகிறது. அப்புறம் கடைசிவரை 12-தான். மோட்டா 99.9 சதவீதம். 2016-ல் வந்த ஐடிஎஃப்1 (IDF1) என்ற இன்னொரு அளவுகோலில் இதே ஓட்டத்துக்கு 50 சதவீதம்தான், ஏனென்றால் அது ஒருவருக்கு ஒரு எண்ணைத்தான் ஒத்துக்கொள்ளும். அறைக்குள் எத்தனை பேர் என்று எண்ணுவதுதான் வேலை என்றால் மோட்டா போதும். ஒருவர் போன பாதை வேண்டும் என்றால் ஐடிஎஃப்1-ஐப் பாருங்கள்; கண்டுபிடித்ததையும் அடையாளம் காத்ததையும் தனித்தனியே அளந்து சேர்க்கும் ஹோட்டா (HOTA) என்ற அளவுகோலையும் பாருங்கள். தகவல் எதற்குப் பயன்படப்போகிறது என்று கேட்காமலேயே மதிப்பெண்ணை விளம்பரம் செய்யும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

கேள்வி: வண்டியில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி ‘துல்லியம் 3 மீட்டர்’ என்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்த 3 மீட்டர், கருவி தன்னைப் பற்றித் தானே போட்ட மதிப்பீடு. அது எத்தனை சதவீத நம்பிக்கைக்கு என்று முதலில் கேளுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில், இப்படிச் சொல்லும் தூரத்தை ஆரமாக வைத்துப் புள்ளியைச் சுற்றிப் போடும் வட்டத்துக்கு 68 சதவீதம்தான் கணக்கு. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை உண்மையான இடம் வட்டத்துக்கு வெளியே இருக்கும்.

தகவலின் வயது இன்னும் முக்கியம். மணிக்கு 72 கிலோமீட்டரில் ஓடும் வண்டி வினாடிக்கு 20 மீட்டர் நகர்கிறது. திரைக்கு வரும் தகவல் 5 வினாடி பழையது என்றால் வண்டி 100 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அங்கே 3 மீட்டரை வைத்து என்ன செய்வது? புள்ளியோடு அது எப்போது அளந்தது என்பதையும் காட்டாத திரையை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

நான் பல காலம் ரேடார் தடங்களோடு வேலை பார்த்தவன். பிழை பெரிதாக இருப்பதைச் சமாளித்துவிடலாம். பிழை சிறியது என்று தவறாக நம்பும் கருவிதான் ஆபத்து. பொருள் அடுத்து எங்கே இருக்கும் என்று கணித்து, புதிய அளவீட்டைக் கொண்டு அதைத் திருத்தும் கணக்கு முறைதான் 1960-ல் வந்த கால்மன் ஃபில்டர்; அதில் இது தெளிவாகத் தெரியும். தன் கணிப்பின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டால், வரும் புதிய அளவீடுகளை அது ஒதுக்கத் தொடங்கும். பொருள் ஒரு பக்கம் திரும்ப, தடம் நேராகப் போய்க்கொண்டிருக்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கணித்த இடத்துக்கும் அளந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தை, ஃபில்டர் தானே எதிர்பார்த்த சிதறலால் வகுத்து, சராசரி எடுங்கள். இரு திசைகளில் அளந்து கூட்டினால் விடை 2-ஐ ஒட்டி வரவேண்டும். அதைவிட மிக அதிகம் என்றால், ஃபில்டர் சொல்லும் பிழை அளவை நம்பாதீர்கள். மிகக் குறைவு என்றால் தேவைக்கு மேல் தயங்குகிறது.

கேள்வி: இன்னும் இரண்டு சென்சார் சேர்த்தால் தரம் கூடிவிடுமா?

பதில்: அவை தனித்தனியாகப் பார்த்துச் சொன்னால் கூடும். ஒரே மூலத் தகவல் இரண்டு வழியாக வந்தால், அது இரண்டு சாட்சி போலத் தெரியும். பிழை வட்டம் சுருங்கும், உண்மையான பிழை சுருங்காது. எவ்வளவு தொடர்பு என்று தெரியாதபோது தகவல்களை எச்சரிக்கையோடு சேர்க்கும் ‘கோவேரியன்ஸ் இன்டர்செக்ஷன்’ முறையைப் பயன்படுத்துங்கள். வட்டம் கொஞ்சம் பெரிதாக வரும், ஆனால் இல்லாத நம்பிக்கையைக் காட்டாது. அதற்கும் முன்னால், எல்லாச் சென்சார்களின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.