கூடிப் படிக்க நாலு பேர்: வாசகர் கேள்விகள்

போன இதழில் இணையவழிப் படிப்புகளைப் பற்றி எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சேர்ந்துவிட்டோம், முடிக்க முடியவில்லை, கூட்டாகப் படித்தால் முடியுமா? அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். கல்யாணம், இரண்டு குழந்தைகள் என்று 13 வருடம் ஓடிவிட்டது. ஐஐடிகள் இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்தும் என்பிடெல்லில் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்' என்ற கோர்ஸில், பைத்தான் என்ற கணினி மொழியைச் சொல்லித்தரும் கோர்ஸ் அது, இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் நான்காவது வாரத்தில் நின்றுவிட்டேன். வருகிற ஜூலையில் மறுபடி சேரப்போகிறேன். பக்கத்துத் தெருவிலும் பையன் பள்ளியிலும் தெரிந்த நான்கு பேர் தாங்களும் வருவதாகச் சொல்கிறார்கள். எப்படி ஆரம்பிப்பது? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: நான்காவது வாரத்தில் நின்றதை வைத்து 'நமக்குப் படிப்பு வராது' என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள் தோழி. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் நடத்திய பாடங்களின் கணக்கை எம்ஐடி ஆய்வாளர்கள் இருவர் 2019இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். 2017-18இல் பெயர் கொடுத்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். நீங்கள் 12 வாரப் படிப்பில் மூன்று வாரம் தாண்டியிருக்கிறீர்கள், அதுவும் இரண்டு முறை.

ஐந்து பேர் என்பது நல்ல அளவு. ஒருத்திக்கு மாமியார் ஊரில் விசேஷம், இன்னொருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் மூன்று பேர் மிஞ்சுவார்கள், அந்த வாரக் கூட்டம் நடந்துவிடும். இரண்டே பேர் என்றால் ஒருவர் வராத அன்றே அது நின்றுபோகும். ஏழு, எட்டைத் தாண்டினால் 'நான் வராவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது' என்ற நினைப்பு எல்லோருக்கும் வந்துவிடும்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். ஐந்து பேரும் உட்கார்ந்து வீடியோ பார்க்காதீர்கள். நான் முதலில் கூட்டிய குழு அப்படித்தான் போனது. பதினொரு பேர், சனிக்கிழமை சாயங்காலம், லேப்டாப்பை டிவியில் மாட்டி, பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தோம். எல்லோரும் தலையாட்டினோம், டீ குடித்தோம், கலைந்தோம். ஐந்தாவது வாரம் நான்கு பேர் வந்தார்கள், ஏழாவது வாரம் யாரும் வரவில்லை. அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. வீடியோவை ஒருவர் தனியாகப் பார்த்தால் புரியாத இடத்தில் நிறுத்தலாம், பின்னால் போய்த் திரும்பக் கேட்கலாம். பத்துப் பேர் நடுவில் 'கொஞ்சம் நிறுத்துங்க, எனக்குப் புரியல' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆகவே தனியாகச் செய்ய முடிந்ததைத் தனியாகவே செய்துவிட்டு வாருங்கள். வீடியோ பார்ப்பது, குறிப்பு எடுப்பது, அசைன்மென்ட்டை முதல் தடவை போட்டுப் பார்ப்பது எல்லாம் வீட்டில். மாட்டிக்கொண்ட இடத்தை மட்டும் குழுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் உரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கால்குலஸ் வகுப்பில் சில கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தும் ஏன் தோற்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். அந்தக் கறுப்பின மாணவர்களிடம் உழைப்பு குறையவே இல்லை, ஆனால் பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களும் முதலில் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் அதன் பிறகு சாயங்காலம் கூடி, ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்தார்கள், விடை வேறுபட்டால் ஏன் என்று வாதாடினார்கள். முதலில் தனியாக, பிறகு கூட்டாக என்பதுதான் அங்கே வழி. ட்ரைஸ்மன் அதைப் பார்த்த பிறகு கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சிறு குழுக்களாகப் போட வைத்தார், தேர்ச்சி நன்றாகவே ஏறியது.

எங்கள் இரண்டாவது குழு எப்படி நடந்தது என்று சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், ஞாயிறு காலை ஆறரை மணி, மொட்டை மாடி. வீட்டில் எல்லோரும் எழுந்து 'காபி எங்கே' என்று கேட்பதற்குள் முடிந்துவிட வேண்டும் என்பதால் அந்த நேரம். வந்தவுடன் நோட்டை மூடி வைத்துவிட வேண்டும். பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. அந்த வாரம் பார்த்ததில் நினைவில் இருப்பதை வெள்ளைத் தாளில் எழுத வேண்டும். முதல் வாரம் ஒருத்தி நாலு வரி எழுதிவிட்டு கண் கலங்கிவிட்டாள், 'மூணு மணி நேரம் பார்த்தேனே அக்கா' என்றாள். ஆனால் அந்த நாலு வரியில்தான் அவளுடைய படிப்பு உண்மையில் தொடங்கியது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே பொருந்தும். ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42. திரும்பப் படிக்கும்போது 'எல்லாம் தெரிந்துவிட்டது' என்று தோன்றுகிறதே, நம்மை ஏமாற்றுவது அந்த நினைப்புதான்.

பத்து நிமிடம் முடிந்ததும் ஒவ்வொருவராக மாட்டிய இடத்தைச் சொல்வோம். ஒரு காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பைத்தானில் எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் என்ற கட்டளையை எழுதி அடைப்புக்குள் 1, 5 என்று போட்டால் 1, 2, 3, 4 மட்டும்தான் வருகிறது, 5 ஏன் வரவில்லை? படித்த நாங்கள் மூன்று பேரும் 'அது ரூல், அப்படித்தான்' என்றோம். தையல் கடை வைத்திருக்கும் எங்கள் தோழி கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துத் தரையில் நீட்டி வைத்தார். 'ஒண்ணுல கத்திரிய வெச்சு அஞ்சுல வெட்டினா எத்தனை இஞ்ச் துணி வரும்? நாலுதானே. அஞ்சுங்கிறது வெட்டுற கோடு, அது துணி இல்ல.' எங்களில் யாரும் அதற்குப் பிறகு அந்த இடத்தில் தப்பு செய்யவில்லை. அந்த விளக்கம் எந்த வீடியோவிலும் இல்லை, அந்த டேப் அன்றைக்கு அந்த மாடியில் இருந்ததால் கிடைத்தது.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். கோர்ஸ் தொடங்கும் முன்பே ஒருமுறை கூடி, ஐந்து பேருக்கும் லாகின் ஆகிறதா, போனிலோ லேப்டாப்பிலோ பைத்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு மறந்தே முதல் வாரத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். கூட்டத்தை நடத்துவது வாரம் ஒருவர் என்று மாறட்டும், இல்லாவிட்டால் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். பொதுவாக ஒரு நோட்டு வைத்து, யார் எங்கே மாட்டினார்கள், எப்படி அவிழ்ந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். அசைன்மென்ட் கெடு பெரும்பாலும் புதன் இரவு 11:59. ஞாயிறு கூடினால் திருத்தி அனுப்ப மூன்று நாள் கிடைக்கும். ஜூலை பருவத்தில் ஆடி, ஆவணி முகூர்த்தம், நவராத்திரி எல்லாம் நடுவில் வரும், பயப்பட வேண்டாம். 12 அசைன்மென்ட்டில் சிறந்த எட்டைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். எந்த வாரம் உங்களால் முடியாது என்று இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். விட்ட வாரத்தின் பாடமும் தேர்வில் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: மேடம், நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. என்பிடெல் கோர்ஸுக்கு எங்கள் வகுப்பில் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, 60 பேர். செவ்வாய்க்கிழமை ராத்திரி யாராவது எல்லா விடையையும் போட்டுவிடுவார்கள், எல்லோரும் அப்படியே அடித்து அனுப்புவோம். அசைன்மென்ட்டில் நல்ல மார்க். போன முறை தேர்வில் ஃபெயில். இந்தக் குரூப்பை எப்படிச் சரிசெய்வது? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, அதைச் சரிசெய்ய வேண்டாம். அது படிக்கும் குழுவே இல்லை, விடை வந்து சேரும் இடம். விடையை இப்படிப் பகிர்வது சேரும்போது நீங்கள் ஒப்புக்கொள்ளும் நெறிமுறைக்கும் விரோதம். அதிலிருந்து மூன்று பேரைப் பிரித்தெடுங்கள், மார்க் அதிகம் வாங்குபவர்கள் வேண்டாம், போன முறை உங்களோடு தேறாதவர்கள் போதும்.

கணக்கைப் பாருங்கள். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் கிடைக்க அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30, இரண்டும் வேண்டும். குரூப்பில் வந்த விடையால் 25க்கு 25 வாங்கினாலும், தேர்வு மையத்தில் தனியாக உட்கார்ந்து எழுதும்போது அந்த 30 உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும். அசைன்மென்ட் என்பது அந்த மூன்று மணி நேரத் தேர்வுக்கான பயிற்சி, அதைத்தான் நீங்கள் 12 வாரம் கைநழுவ விட்டீர்கள்.

புதிய குழுவில் கெடு முடியும் வரை 'எந்த ஆப்ஷன்?' என்ற கேள்வி கூடாது. 'இந்த லூப் மூன்றாவது சுற்றுக்கு வரும்போது ஐ-யின் மதிப்பு எவ்வளவு, எனக்கு 4 வருகிறது, உனக்கு?' என்று கேட்கலாம். இப்படிக் கேட்பவனுக்குக் கேட்கும்போதே பாதி விடை தெரிந்துவிடும், முயற்சி செய்து பாருங்கள். கெடு முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் திறந்து வைத்து மனம்போல வாதாடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவரே பேசுகிறார். எல்லாம் தெரிந்தவர்தான், நல்லவர்தான். இன்னொருவர் வாயே திறப்பதில்லை. எதையும் சொல்லவும் சங்கடமாக இருக்கிறது. (வாசகர், பொன்னேரி)

பதில்: நேரில் குறை சொல்லத் தேவையே இல்லை, பேனாவை மாற்றிக் கொடுங்கள். தெரிந்தவர் பேனா பிடிக்கக் கூடாது, தெரியாதவர்தான் எழுத வேண்டும், தெரிந்தவர் வாயால் மட்டும் வழி சொல்லலாம் என்று எல்லோருக்கும் பொதுவான விதியாக வையுங்கள். நன்றாகத் தெரிந்தவருக்குக்கூட அப்போது எழுதுபவரின் வேகத்துக்கு இறங்கி வர வேண்டியிருக்கும், அவருக்கும் அது நல்ல படிப்பு.

பேசாதவரைக் கூட்டத்தில் வைத்து 'நீங்க சொல்லுங்க' என்று கேட்டுவிடாதீர்கள், அது தண்டனை மாதிரி ஆகிவிடும். வாரத்தின் நடுவில் ஒருநாள் தனியாகப் போன் செய்யுங்கள். எனக்குத் தெரிந்து பல பேருக்குப் பிரச்சினை பாடத்தில் இல்லை, ஆங்கிலத்தில் இருக்கிறது. என்பிடெல்லில் நிறையப் பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு, உங்கள் கோர்ஸுக்கு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் உங்கள் குழு தமிழில் பேசட்டும். லூப், வேரியபிள் என்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும், ஏன் எப்படி என்பதைத் தமிழில் சொல்லுங்கள்.

கேள்வி: ஓசூரில் ஷிப்டு வேலை. நாங்கள் நாலு பேர் ஒரே கோர்ஸ், ஆனால் நாலு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதே அபூர்வம். (வாசகர், ஓசூர்)

பதில்: ஷிப்டு மாறும்போது கூட்ட நேரமும் மாறட்டும், ஆனால் அடுத்த கூட்டம் எப்போது என்று முடிவு செய்யாமல் எந்தக் கூட்டத்தையும் முடிக்காதீர்கள். இலவச ஜூமில் 40 நிமிடம் கிடைக்கும், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ஒரு மணி நேரம். நாலு பேருக்கு 40 நிமிடமே போதும். சேரவே முடியாத வாரம் ஆளுக்கு இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ், 'இந்த வாரம் எனக்குப் புரிந்தது இது, புரியாதது இது' என்று. நைட் ஷிப்டு முடிந்து வந்தவரைக் கூட்டத்துக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம், முதலில் அவர் தூங்கட்டும்.

கேள்வி: தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். குழுவில் எல்லோரும் கட்டித்தான் ஆக வேண்டுமா? இரண்டு பேர் தயங்குகிறார்கள். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கட்டாயம் இல்லை. சேர்வதும் படிப்பதும் இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம், அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். முன்னால் சொன்ன எட்எக்ஸ் கணக்கில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முடித்திருந்தார்கள். ஆனால் முடிக்கும் உறுதி உள்ளவர்கள்தான் பணமும் கட்டுவார்கள், அதனால் பணம்தான் படிக்க வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். தயங்குபவர்களைக் காசு விஷயத்தில் நெருக்காதீர்கள், இரண்டு பேரை அப்படி இழந்த குழுவை நான் பார்த்திருக்கிறேன். தேர்வு எழுதாமல் கடைசி வரை கூடவே படிப்பவர்களும் முழு உறுப்பினர்கள்தான்.

எழுதப்போகிறவர்கள் பதிவு செய்யும்போது ஒரே ஊரை, ஒரே நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலைத் தேர்வு 9 மணிக்கு, ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நிம்மதியாகப் போக முடியும். ஹால் டிக்கெட்டை முந்தின நாளே பிரிண்ட் எடுத்து, அசல் அடையாள அட்டையோடு வையுங்கள். பஸ்ஸில் படிக்கப் புதிதாக எதுவும் வேண்டாம், உங்கள் பொது நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், மாட்டிக்கொண்ட இடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும்.